எண்பத்தெட்டுக் கட்டை

மே 6, செவ்வாய்

அக்னி வெயில். காலை எட்டு மணிக்கே மாடிக் குழாயில் சுடுதண்ணீர். ஊறவைத்த துணி அப்படியே கிடக்கிறது.

மதுரைப் பள்ளிக்கூடத்திலிருந்து மெயில். இசை ஆசிரியை வேலைக்கு இன்டர்வியூ, 24 சனி. பள்ளியின் பியானோவில் இரண்டு கைகளாலும் வாசித்துக் காட்ட வேண்டுமாம். இரண்டு கைகளாலும் என்று தனியாகச் சொல்லியிருக்கிறார்கள். மெல்லிசைக் குழு ஆட்களின் லட்சணம் தெரிந்த யாரோதான் எழுதியிருக்க வேண்டும்.

நான் நிஜப் பியானோவைத் தொட்டதே இல்லை. கல்யாணமாகி வந்ததிலிருந்து குழுவில் வாசிப்பது லேசுக் கட்டை கீபோர்டு. ஊதினாலே அமுங்கும். இடது கைக்கு வேலை கிடையாது. ஒரு விரலை வைத்தால் தாளம், பேஸ், கிட்டார் எல்லாம் பெட்டியே பார்த்துக்கொள்ளும். பாட்டுக்காரன் "தொண்ட சரியில்லக்கா, அரைக் கட்டை எறக்குங்க" என்றால் அதற்கும் ஒரு பொத்தான். பியானோவில் அந்தப் பொத்தான் இருக்காது.

இந்த வேலை கிடைத்தால் குழுவுக்கு ஒரு கும்பிடு. கிடைக்காவிட்டால் ஐம்பது வயதிலும் டிராக்டர் டிரெய்லர் மேல் நின்று விசில் சத்தத்துக்கு நடுவே வாசித்துக்கொண்டிருப்பேன். அது மட்டும் வேண்டாம்.

ஆகவே புதுக் கீபோர்டு. வேண்டியவை:
– கட்டை பியானோ மாதிரி கனக்கணும்.
– தூக்கிக்கொண்டு பஸ் ஏற முடியணும் (ஞாயிறு திருச்சுழி வகுப்பு).
– பேட்டரியில் ஓடணும். எங்கள் தெருவில் தறிச் சத்தம் நிற்பது கரண்ட் போகும்போது மட்டும்தான்.
– யாரிடமும் யோசனை கேட்கக் கூடாது.

இவரிடம் சொன்னேன். சாயங்காலத்துக்குள் நாலு பேரிடம் கேட்டுவிட்டு வந்து நிற்கிறார்.

மே 7, புதன்

புழுக்கம். யோசனைகளின் ஊர்வலம்.

இவருடைய நூல் கடை முதலாளி: "கட்டை லேசா இருக்குறதத்தானப்பா ஆளுக தேடுவாக? காசு குடுத்து யாராச்சும் கனத்த வாங்குவாகளா?" இவர் அதை வேதவாக்கு மாதிரி வந்து ஒப்பிக்கிறார்.

இவருடைய மச்சினன் (எனக்குத் தம்பி, சொல்லவே வெட்கம்): "யூடியூப்புல ஒருத்தன் பேப்பர்ல வரைஞ்சே பழகுறான்க்கா." பேப்பரிலேயே சாப்பிடவும் பழகிக்கொள்ளலாம்.

குழுத் தலைவர் ராஜாமணி போனில்: "கச்சேரி பாக்க வர்றவன் கட்டை கனமா லேசான்னா மேடம் பாக்குறான்? லைட்டு எரியுதான்னு பாக்குறான்." அவருக்கு அது உண்மையிலேயே நம்பிக்கை. என் ஸ்டாண்டைச் சுற்றி சீரியல் லைட் கட்டியவர் அவர்தான். சனிக்கிழமை பரளச்சியில் கோயில் பொங்கல் கச்சேரி, மறக்க வேண்டாமாம்.

இன்டர்வியூ பற்றிச் சொல்லவில்லை. சொன்னால் மேடையிலேயே மைக்கில் வாழ்த்துவார்.

மே 9, வெள்ளி

மதுரை. கடை ஏ.சி.யில் நுழைந்ததும் தலைவலி.

விற்கிற பையனுக்குத் தெரிந்தது ஒரே மெட்டு. எல்லாப் பெட்டியிலும் அதையே வாசித்து "சவுண்டு எப்பிடி மேடம்?" "ஆயிரம் டோன் இருக்கு மேடம்." "நாய் கொலைக்கிறது கூட இருக்கு மேடம்." நாய் எங்கள் தெருவிலேயே இருக்கிறது என்றேன். சிரிக்கவில்லை.

பார்த்தவை:
ஒன்று – கட்டை அருமை. தூக்க இரண்டு ஆள் வேண்டும். பஸ்ஸில் அல்ல, லோடு வண்டியில்தான் போகும்.
இரண்டு – தோளில் மாட்டலாம். பேட்டரி கிடையாது. கட்டையும் எழுபத்து மூன்றுதான்.
மூன்று – எண்பத்தெட்டுக் கட்டை. பேட்டரி போடலாம். கட்டையின் கனம் ஏறக்குறைய பியானோவாம். தூக்கினால், இருபத்தைந்து கிலோ அரிசி மூட்டையில் பாதிக்குக் கொஞ்சம் குறைவு.

மூன்றாவதில் உட்கார்ந்தேன். வலது கை தப்பித்தது. இடது கை ஒரு நிமிஷம் ஓடியது, அப்புறம் மோதிர விரல் கட்டையின் மேல் படுத்துவிட்டது. அழுத்துகிறேன், இறங்கவே மாட்டேன் என்கிறது. பையன் பார்க்காத மாதிரி வேறு பக்கம் திரும்பினான். அந்தத் திரும்பல்தான் தாங்கவில்லை. பயமாக இருந்தது, நிஜமான பயம்.

அதையே வாங்கினேன். விலையை எழுதவில்லை, எழுதினால் இன்னொரு தடவை வலிக்கும்.

பஸ்ஸில் கண்டக்டர்: "பொட்டிக்குள்ள என்னம்மா, ஆளா? நிப்பாட்டி வச்சா ரெண்டு டிக்கெட்டு வரும்." பின் சீட்டில் ஒருவர், "தையல் மிஷினுய்யா" என்றார். அருப்புக்கோட்டை வரை அப்படியே இருக்கட்டும் என்று விட்டுவிட்டேன்.

மே 10, சனி

காலையில் எழுந்தால் பெட்டிக்குச் சந்தனம், குங்குமம், காலடியில் எலுமிச்சம்பழம். அத்தை வேலை. டிராக்டர் வாங்கினாலும் இதுதான், கீபோர்டு வாங்கினாலும் இதுதான். ஈரச் சந்தனம் கட்டை இடுக்கில் இறங்கியிருக்கிறதா என்று டார்ச் அடித்துப் பார்த்தேன். நல்லவேளை, மூடிமேல்தான்.

மாமா தறிக்கூடத்திலிருந்து வந்து பெட்டியைச் சுற்றி ஒரு நடை நடந்தார். மூன்று விசைத்தறி ஓட்டுகிறவர். கையில் எப்போதும் அந்த நீள மூக்கு எண்ணெய் கேன். கீச்சென்ற சத்தம் அவருக்கு ஜென்ம எதிரி. வாசல் கேட்டு, கதவு, சைக்கிள், என் தையல் மிஷின், பக்கத்து வீட்டு ஊஞ்சல், எதையும் விட்டதில்லை. தையல் மிஷினுக்கு அவர் விட்ட எண்ணெயில் போன வருஷம் ஒரு வெள்ளை ஜாக்கெட் பாழாயிற்று.

என்னிடம் நேராகப் பேச மாட்டார், மருமகளிடம் பேசும் பழக்கம் அவர்கள் வீட்டு ஆண்களுக்கே இல்லை. சுவரைப் பார்த்துச் சொல்வார், நான் அடுப்பைப் பார்த்துப் பதில் சொல்வேன். இன்று சுவரிடம்: "சாமான் பரவால்ல. கெட்டியா இருக்கு." வீட்டுத் தெலுங்கில் சொன்னது, எனக்குத் தெலுங்கு எழுத வராது.

சாயங்காலம் பரளச்சி கிளம்பணும். பழைய லேசுக் கட்டையோடு.

மே 11, ஞாயிறு

பரளச்சிக் களைப்பு. பாட்டுக்காரன் நடுப்பாட்டில் கட்டையை மாற்றச் சொல்லி விரலை ஆட்டினான், நான் பொத்தானை அமுக்கினேன், கைதட்டல் அவனுக்கு.

திருச்சுழி வகுப்பு. புதுப் பெட்டியைத் தூக்கிப் பஸ் ஏறி இறங்கியதில் தோள் போயிற்று. தாலுகா ஆபீஸ்காரர் ஒருவர், பையனைச் சேர்த்து இரண்டே வாரம் ஆகிறது: "டீச்சர், ஆண்டு விழாவுக்கு ஒரு சினிமாப் பாட்டு ஏத்தி விட்டுருங்க." மொபைலில் ரிங்டோன் ஏற்றுவது போல. ஏத்திரலாம் சார் என்றேன். நானும் லேசுப்பட்ட ஆள் இல்லை.

மே 13, செவ்வாய்

இடது கை இன்னும் தேறவில்லை. சுண்டு விரலிலிருந்து முழங்கை வரை இழுக்கிறது. தறி ஓடுவதால் நான் வாசிப்பது எனக்கே கேட்கவில்லை. ஹெட்போன் போட்டாலும் தரை அதிர்கிறது, பெட்டி அதிர்கிறது.

சாப்பாட்டின்போது இவரிடம் கத்திவிட்டேன். "கட்டையா அது? கல்லு. ஒண்ணொண்ணும் இறுகிக் கெடக்கு. வெரலு ஒடியுது." அதுதானே நீ கேட்டு வாங்கினது என்றார். சரியான கேள்விதான், அதனாலேயே இன்னும் எரிச்சல். மாமா வாசலில் உட்கார்ந்து வெற்றிலை போட்டுக்கொண்டிருந்தார்.

மே 14, புதன்

மாதாந்திர ஷட் டவுன். ஒன்பது மணிக்குக் கரண்ட் போனது. தெருவே நின்றது. எதிர்வீட்டுக் குக்கர் விசில்கூடத் தெளிவாகக் கேட்டது.

பேட்டரி போட்டு உட்கார்ந்தேன். முதல் தடவையாக என் இரண்டு கையும் சேர்ந்து கேட்டது. மெல்லத் தொட்டால் மெல்ல, அழுத்தினால் பலமாக. இத்தனை வருஷம் நான் வாசித்தது வாசிப்பே இல்லை, ஸ்விட்ச் போட்டது. சந்தோஷம். யாரும் பார்க்காததால் கொஞ்சம் அழுதேன்.

விரல் நான்கிலும் வலி. அத்தையிடம் தேங்காய் எண்ணெய் கேட்டு, "இந்தக் கட்டை என்னக் கொன்னுரும் அத்தை" என்றேன். எண்ணெய் என்ற சொல்லை இந்த வீட்டில் சத்தமாகச் சொல்லியிருக்கக் கூடாது.

மே 15, வியாழன்



விடியற்காலை கோலம் போட்டுவிட்டு உள்ளே வந்தால் தறிக்கூட வாசம். பெட்டியின் மூடி திறந்திருக்கிறது. கட்டைக்குக் கட்டை இடுக்கில் மினுமினுப்பு. பக்கத்தில் பனியனைக் கிழித்த துணி, துடைத்தும் வைத்திருக்கிறார்.

தொட்டேன். நடுக் கட்டை இறங்கியது, எழும்பவில்லை. அடுத்தது லேசாகத் தொட்டதுக்கே கத்துகிறது. இடப்பக்கம் மூன்று ஊமை.

நான் போட்ட சத்தத்தில் இவர் பிரஷ்ஷோடு ஓடிவந்தார். மாமா சுவரைப் பார்த்து நின்றார். "அந்தப் பிள்ள வெரலு நோகுதுன்னு ரெண்டு நாளா சொல்லுது. புதுச் சாமான் இறுகித்தான் இருக்கும். கட்டைக்கு ஒரு சொட்டுதான் விட்டேன்."

எண்பத்தெட்டுச் சொட்டு. கறுப்பைக்கூட விடவில்லை.

"கனமா இருக்கத்தான் வாங்குனது! அது கெட்டுப் போனதில்ல, அதுதான் அது!" என்று நேராக அவர் முகத்தைப் பார்த்துக் கத்தினேன். கல்யாணமாகி முதல் தடவை. அவரும் முதல் தடவை என்னைப் பார்த்தார். பிறகு கேனை எடுத்துக்கொண்டு போனார். அத்தை அடுக்களையில் அவரை வைதது தெரு முழுக்கக் கேட்டிருக்கும்.

மே 16, வெள்ளி

கடைக்குப் போன். "எண்ணெயா? எதுக்கு மேடம் எண்ணெய் விட்டீங்க?" வாரண்டி கிடையாது. சென்னைக்கு அனுப்பினால் வர ஒரு மாதம்.

இவர் நாலு பேரிடம் கேட்டுவிட்டு வந்தார். பந்தல்குடி மெக்கானிக் ஒருவர் மண்ணெண்ணெய் விட்டுக் கழுவச் சொன்னாராம். லாரிக்குச் சரி.

மே 19, திங்கள்

வேறு வழியில்லை. கெட்டதிலேயே பழகுகிறேன். கத்துகிற கட்டையை அது தூங்கும் குழந்தை என்று நினைத்துத் தொட வேண்டும். எழும்பாத கட்டையைச் சுண்டு விரலால் கீழிருந்து நெம்பிவிட்டு அடுத்ததுக்குப் போக வேண்டும். ஊமைகளை மனசுக்குள் கேட்டுக்கொள்ள வேண்டும். இதற்கெல்லாம் இடது கை ஓயாமல் வேலை செய்கிறது, அது பிறந்ததிலிருந்து செய்த மொத்த வேலையையும்விட.

ராஜாமணி போன். 24 சனி கச்சேரிக்கு வர மாட்டேன் என்றேன். "பெட்டி இருக்குல்ல மேடம், அதை மட்டும் அனுப்புங்க, தம்பி யாராச்சும் பட்டனைத் தட்டிக்குவான்." பன்னிரண்டு வருஷ மரியாதை.

மாமா நாலு நாளாகச் சுவரிடம்கூடப் பேசவில்லை.

மே 22, வியாழன்

மேகம் மட்டும், மழை இல்லை.

வாசல் கேட்டு கீச்சிடுகிறது. முதலில் எதுவென்று புரியவில்லை, இந்த வீட்டில் கேட்டிராத சத்தம். சைக்கிளும் அப்படியே. கேன் தறிக்கூடத்தை விட்டு வெளியே வருவதே இல்லை. நல்லது. பத்து வருஷம் முன்பே வந்திருக்க வேண்டிய புத்தி.

மே 24, சனி

மதுரை. புடவை: நீலம். பஸ்ஸில் இடம் கிடைத்தது.

ஐந்து பேர். எனக்கு முன்னால் போனவன் டை கட்டியவன், தோள் பையில் பியானோ படம். கதவு திறந்தே இருந்தது. "மேடம், இதுல பாதிக் கீ மேல வரமாட்டேங்குது. ஒண்ணு கத்துது, ஒண்ணு பேச மாட்டேங்குது. இதுல எப்பிடி வாசிக்கிறது?" நடுவில் எழுந்து வந்துவிட்டான். உள்ளூர எனக்கு அவன்மேல் ஓர் இளக்காரம்.

போய் உட்கார்ந்தேன். ஆள் உயரப் பியானோ, மேலே பரிசுக் கோப்பைகளும் பிளாஸ்டிக் பூவும். வருஷக்கணக்கில் யாரும் திறக்காமல் கிடந்தது போல. பல்லவியில் ஒரு கட்டை இறங்கி எழும்பவில்லை. நான் யோசிக்கவே இல்லை. சுண்டு விரல் தானாகப் போய் நெம்பிவிட்டு வந்தது. கத்துகிறதை மெல்லத் தொட்டேன். ஊமையைத் தாண்டினேன். இடது கை கடைசிவரை நின்றது.

தலைமை ஆசிரியை மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார். "இந்தப் பியானோவுல நீங்க ஏற்கெனவே வாசிச்சிருக்கீங்களா?"

இல்லை என்றேன்.

"அப்ப இப்படி எங்க பழகினீங்க?"

அருப்புக்கோட்டையில், வீட்டில் என்றேன். மேற்கொண்டு சொல்லவில்லை.

மே 28, புதன்

புழுதிக் காற்று. வடகம் எடுத்து உள்ளே வைக்கும்போது போன். ஜூன் முதல் வாரம் வந்து சேர வேண்டுமாம்.

அத்தை சாமி விளக்கை ஏற்றினார். இவர் நாலு பேருக்குச் சொல்லக் கிளம்பிவிட்டார். ராஜாமணிக்கு நானே சொன்னேன். லைட்டை மட்டும் கழற்றிக் கொடுங்க மேடம் என்றார்.

எண்ணெயால்தான் கிடைத்தது என்று இந்த வீட்டில் ஒருவரிடமும் சொல்லப் போவதில்லை. சொன்னால் டி.வி. மிஞ்சாது.

மாமா வாசலில், வெற்றிலைகூடப் போடாமல். கேட்டு காற்றில் ஆடி ஆடிக் கீச்சிடுகிறது. அவர் தாடை ஒவ்வொரு தடவையும் இறுகுகிறது, எழுந்திருக்கவில்லை. பார்க்கச் சகிக்கவில்லை. அந்த மனிதர் எனக்காக ஒவ்வொரு கட்டையாகக் குனிந்து நின்றது இப்போதுதான் கண்ணில் வருகிறது.

அடுப்பைப் பார்த்துச் சொன்னேன், கொஞ்சம் சத்தமாகவே: "கேட்டு உயிரை வாங்குது. யாராச்சும் ஒரு சொட்டு விட்டாத் தேவல."

கொஞ்ச நேரத்தில் கேட்டுச் சத்தம் நின்றது. அப்புறம் சைக்கிள். இப்போது காலடி உள்ளே வருகிறது. தையல் மிஷினை மூடி வைக்கவில்லை, ஊசியில் நீலப் புடவையின் ஜாக்கெட், ஐயோ –