ஹெட்போனுக்குள் கேட்ட கேள்வி

அடி அண்ணாமலை,
18-1-2008.

அன்பு மகள் மணிமொழிக்கு அப்பா எழுதுவது. இங்கே நானும் உன் அம்மாவும் உடம்புக்கு ஒன்றுமில்லாமல் இருக்கிறோம், நீயும் அந்தக் கோயம்புத்தூர்க் குளிரில் சளி இருமல் இல்லாமல் இருக்க அண்ணாமலையார் துணை இருக்கட்டும். இதை உனக்குப் படித்துக் காட்டப்போவது உன் அறைத்தோழி தாட்சாயிணிதான் என்று தெரிந்தேதான் எழுதுகிறேன். அம்மா தாட்சாயிணி, நடுவில் படிக்கச் சங்கடமான இடம் வரும். நிறுத்தாமல், எதையும் விட்டுவிடாமல், குரலைத் தாழ்த்தாமல் படி. முப்பத்தொரு வருடம் கீழ்பென்னாத்தூர் நூலகத்தில் இருந்தவன் நான், பக்கம் குறைந்த புத்தகத்தை யாருக்கும் கொடுத்து அனுப்பியதில்லை.

பொங்கல் பரவாயில்லாமல் போனது. அம்மாவுக்கு முழங்கால் வலி ஜாஸ்திதான், ஆனாலும் சொன்னால் கேட்கிறவளா, வாசல் முழுக்கக் கோலம் போட்டுவிட்டு இரண்டு நாள் படுத்துக் கிடந்தாள். பொங்கலன்று நீ போனில் அவளிடம் சொன்னதை என்னிடம் சொன்னாள். அங்கே ஒரு ஆஸ்பத்திரியில் ரத்தம் கொடுக்கிறவர்கள் பட்டியலைக் கம்ப்யூட்டரில் பார்த்துக்கொள்ளும் வேலைக்கு உன்னைக் கூப்பிட்டிருக்கிறார்கள், புதன்கிழமைக்குள் பதில் சொல்ல வேண்டும், ஆனால் லிஸ்ட் வேலை வேணாம்மா, போன் எடுக்கிற வேலை இருந்தா குடுங்கன்னு கேக்கப்போறேன், என் லிஸ்ட நம்பி ஒரு உசுரு போவக் கூடாதுன்னு சொன்னாயாம். அம்மா முந்தானையில் கண்ணைத் துடைத்துக்கொண்டே இதைச் சொன்னாள். எனக்குச் சோறு இறங்கவில்லை. மறுநாளிலிருந்து மூன்று தடவை பூத்துக்குப் போய் உனக்குப் போன் செய்தேன். மூன்று தடவையும் சாப்பிட்டியா, ஸ்வெட்டர் போட்டுக்கோ என்று மட்டும் சொல்லிவிட்டு வைத்துவிட்டேன். என்னப்பா தெனமும் போன் பண்றேன்னு சிரித்தாயே, சொல்ல வந்தது வேறு. வாயில் வராததைக் கையில் எழுதுகிறேன்.

கார்த்திகை தீபத்தன்று நடந்ததைத்தான் சொல்கிறேன். பேகோபுரத் தெருவில் மலைப்பாதை உதவிக் குழுவின் அறையில் நீ கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்திருந்தாய். கிரிவலப் பாதையில் கூட்டத்தில் பிரிந்து போனவர்களைப் பற்றி ஒவ்வொரு உதவி முகாமிலிருந்தும் போன் வரும். பெயர், வயது, அடையாளம், எந்த முகாமில் உட்கார வைத்திருக்கிறார்கள் என்று நீ கேட்டுக் கேட்டு எக்செல் கட்டங்களில் அடிப்பாய். அம்புக்குறிச் சாவியைத் தட்டத் தட்ட, திரையில் இருப்பதைப் படித்துச் சொல்லும் அந்தக் கம்ப்யூட்டர்க் குரல் ஒவ்வொரு கட்டமாக உன் காதில் படிக்கும். எனக்கு முழுப் பக்கமும் ஒரே பார்வையில் தெரியும், உனக்கு ஒரு நேரத்தில் ஒரு கட்டம். அப்படியிருந்தும் தேடி வந்தவர்களுக்கு என்னைவிட வேகமாகப் பதில் சொன்னாய். குழுத் தலைவர் சரவணபவன் ஐயாவே, இந்தப் பொண்ணு இல்லன்னா நாம இன்னிக்கு அம்பேல்னு சொன்னார். அந்த வார்த்தையைக் கேட்டு எனக்குப் பெருமையாகத்தான் இருந்தது. நானும் ஏதாவது செய்து காட்ட வேண்டும் என்று ஒரு அரிப்பும் இருந்தது, அதை மறைக்க மாட்டேன்.

ஒன்றரை மணிக்கு நீ சாப்பிடப் பின்பக்கம் போனாய். நான் இல்லாதப்ப கீபோர்டத் தொடாதப்பான்னு சொல்லிவிட்டுத்தான் போனாய். நான் உன் நாற்காலியில் உட்கார்ந்தேன். பட்டியலில் பெயர்கள் போன் வந்த வரிசையில் தாறுமாறாக இருந்தன. உனக்குத்தான் தெரியுமே, எல்லம்மாளுக்குக் கீழே கோபி, கோபிக்குக் கீழே ஆதிலட்சுமி என்று கிடந்தால் எனக்குக் கண் உறுத்தும். வாழ்நாள் முழுக்க அகர வரிசையில் அட்டைகளை அடுக்கின கை. நீ சொல்லிக் கொடுத்திருந்த அந்த வரிசைப் பட்டன் நினைவு வந்தது. பெயர் இருந்த பத்தியை மட்டும் மவுஸால் தேர்ந்தெடுத்து அதை அழுத்தினேன். உடனே ஒரு சின்னப் பெட்டி திறந்து ஆங்கிலத்தில் ஒரு கேள்வி கேட்டது. பக்கத்துக் கட்டங்களையும் சேர்த்து மாற்றவா, தேர்ந்தெடுத்ததை மட்டும் மாற்றவா என்று. நான் யோசித்தேன் மணி. மற்றவற்றைத் தொடாமல் இருப்பதுதான் பத்திரம் என்று நினைத்து, தேர்ந்தெடுத்ததை மட்டும் என்று சொன்னேன். பெயர்கள் அழகாக வரிசையில் நின்றன. வயதும் அடையாளமும் இடமும் பழைய இடத்திலேயே நின்றுவிட்டன. ஒருவர் பெயருக்கு நேரே இன்னொருவர் வயதும் மீசையும் முகாமும். நான் அதைப் பார்க்கவில்லை. பெயர்களை மட்டுமே பார்த்துச் சந்தோஷப்பட்டேன். அந்தக் கேள்வியை உன் கம்ப்யூட்டர்க் குரலும் படித்தது. மேஜையில் கழற்றி வைத்திருந்த ஹெட்போனுக்குள் அது கீச்சுகீச்சென்று பேசிக்கொண்டிருந்தது எனக்குக் கேட்டது. தொந்தரவாக இருக்கிறதே என்று அதைக் கொஞ்சம் தள்ளி வைத்தேன்.

நீ கை கழுவிவிட்டு வந்து உட்காரும்போதே கீழ்பென்னாத்தூரிலிருந்து வந்திருந்த கன்னியம்மாள் ஓடி வந்துவிட்டாள். ஆறு வயது மகள் ஆதிலட்சுமியைக் காணோம், வலிப்பு வர்ற பொண்ணுங்க, ரெண்டு மணிக்கு மாத்திரை குடுக்கணும், மாத்திரை எங்கிட்ட கீதுங்கன்னு அழுதாள். நீ தேடினாய், பெயர் கிடைத்தது. நேரமில்லை என்று நடுக்கட்டங்களைத் தாண்டி நேராகக் கடைசிக் கட்டத்துக்குப் போனாய், செங்கம் ரோடு முகாம் என்று குரல் சொன்னது. நீ சொன்னாய், அவள் ஓடினாள். பெண் உட்கார்ந்திருந்ததோ அடி அண்ணாமலையில், நம் வீட்டுக்கு நாலு தெரு தள்ளி. பிறகு ஒருவர் தன் அம்மா எல்லம்மாளைக் கேட்டு வந்தார். நீ ஒவ்வொரு கட்டமாகக் கேட்டாய். எல்லம்மாள், எழுபது வயது, வெள்ளை மீசை என்று வந்தது. உன் முகம் வெளுத்ததை நான் பார்த்தேன். ஐயா, நான்தான் வரிசை தள்ளி அடிச்சிட்டேன் போல இருக்கு, எல்லாம் தப்பா கீதுன்னு சரவணபவன் ஐயாவிடம் சொன்னாய். நான் உனக்கு இரண்டடி தூரத்தில் நின்றிருந்தேன். எனக்கு அந்த நிமிஷமே புரிந்துவிட்டது. நான் வாயைத் திறக்கவில்லை.

அறையில் பத்துப் பேர் இருந்தார்கள். நூலகர் ஐயா என்று மரியாதையாகப் பேசுகிறவர்கள். அவர்கள் முன்னால் நான் தொட்டேன் என்று சொல்ல நாக்கு எழவில்லை. யாரோ ஒருவர், கண்ணு தெரியாத பொண்ண உக்கார வெச்சா இப்டித்தான் ஆவும்னு முணுமுணுத்தார். அப்போதும் சும்மா நின்றேன். கூட்டம் ஏற ஏற நெட்வொர்க் நின்றுபோய் முகாம்களுக்குப் போன் கிடைக்காததால், நீ யார் மேலும் கோபப்படாமல் நாற்பத்து மூன்று பேரையும் நினைவிலிருந்தே திரும்ப அடித்தாய். யார் எந்தக் குரலில் என்ன சொன்னார்கள் என்பது வரைக்கும் உனக்கு ஞாபகம் இருந்தது. அதற்கு நாற்பது நிமிஷம் ஆனது. அந்த நாற்பது நிமிஷத்தில்தான் அந்தக் குழந்தைக்கு வலிப்பு வந்து, கூட்டத்தில் வண்டி நகராமல், தோளில் போட்டுக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடினார்கள்.

பத்து நாளைக்கு முன்னால் செங்கம் ரோட்டில் பிரவுசிங் சென்டர் வைத்திருக்கிற அன்புச்செல்வியிடம் போனேன். நாலு பெயர் போட்டு ஒரு பட்டியல் அடித்து, நான் அன்று செய்த மாதிரியே செய்து காட்டினேன். அந்தப் பெண் சிரித்துவிட்டு, இதுக்கு ஏன் சார் கவலப்படறீங்கன்னு கண்ட்ரோலையும் இசட்டையும் சேர்த்து ஒரு தட்டுத் தட்டினாள். எல்லாம் பழையபடி வந்து உட்கார்ந்தது. ஒரு தட்டு. அன்று நான் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் உன் விரலுக்கு ஒரு நொடி வேலை. அந்தக் கடையில் உட்கார்ந்து அழுதேன். பக்கத்தில் ஒரு வெள்ளைக்காரர் தண்ணீர் பாட்டிலை நீட்டினார். அழுதுவிட்டும் உனக்கு உடனே எழுதவில்லை. நீ இந்த வேலையை வேண்டாம் என்று சொன்ன பிறகுதான் எழுத உட்கார்ந்தேன், அதையும் தெரிந்துகொள்.

நேற்று முன்தினம் சரவணபவன் ஐயா வீட்டுக்குப் போய் எல்லாவற்றையும் சொன்னேன். குழுக் கூட்டத்துல நீங்களே எழுந்து சொல்லணுங்கன்னார். ஞாயிற்றுக்கிழமை கூட்டம், சொல்லப்போகிறேன். அங்கிருந்து கீழ்பென்னாத்தூர் பஸ் பிடித்துக் கன்னியம்மாள் வீட்டுக்குப் போனேன். குழந்தை நன்றாக இருக்கிறாள், பள்ளிக்கூடம் போய்வருகிறாள், என்னைப் பார்த்து யார் இந்தத் தாத்தா என்று கேட்டாள். நான் சொல்லி முடித்ததும் கன்னியம்மாள் என்னைத் திட்டுவாள் என்று நினைத்தேன், திட்டியிருந்தால் தேவலாம். கண்ணு தெரியாத பொண்ணுதான் தப்பு பண்ணிச்சுன்னு ஊரெல்லாம் நான்தாங்க சொல்லிக்கினு இருந்தேன், இப்ப யார் யார் கிட்டப் போயி மாத்திச் சொல்லுவேன்னு கேட்டாள். வீட்டுக்கு வந்து அம்மாவிடமும் சொன்னேன். அதிலிருந்து அவள் தட்டை வைத்துவிட்டு அந்தப் பக்கம் போய்விடுகிறாள்.

இதெல்லாம் என் பாடு, நான் பட்டுக்கொள்கிறேன். நீ ஒன்றை மட்டும் தெரிந்துகொள். உன் பட்டியலில் ஒரு கட்டம்கூடத் தப்பில்லை. கண் தெரிந்த ஒருவன் கை வைக்கும் வரைக்கும் அது சரியாகத்தான் இருந்தது. அந்த வேலைக்குப் போ. போன முதல் நாளே, நான் இல்லாதபோது யாரும் இதைத் தொடக் கூடாது, தொட்டால் என்னிடம் சொல்ல வேண்டும் என்று அங்கே இருக்கிறவர்களிடம் கண்டிப்பாகச் சொல்லிவிடு. பெரியவர், அனுபவசாலி என்று யாருக்கும் விலக்குக் கொடுக்காதே, உன் அப்பனே வந்து நின்றாலும் கொடுக்காதே. புதன்கிழமை பதினொரு மணிக்குள் சரி என்று சொல்லிவிடு. கூரியரில் போடுகிறேன், திங்கட்கிழமை கிடைத்துவிடும் என்றார்கள். என்னை மன்னிக்கச் சொல்லி எழுதவில்லை. அது உன் இஷ்டம், அவசரமும் இல்லை. அம்மா எள்ளுருண்டை செய்து வைத்திருக்கிறாள், பார்சலில் வரும், தாட்சாயிணிக்கும் பாதி கொடு. நீ நினைத்த இடத்தில் நிமிர்ந்து உட்கார்ந்து நூறு வருஷம் நன்றாக இருக்க வேண்டும்.

இன்னும் ஒன்று. ஒன்பது வயது வரைக்கும் நீ எழுத்தைக் கண்ணால் பார்த்துப் படித்தவள். என் கையெழுத்துக்குக் கீழே ஒரே ஒரு வரி, பெரிய எழுத்தில், அடியில் நியூஸ் பேப்பரை மடித்து வைத்துப் பால்பாயிண்டை அழுத்தி அழுத்தி எழுதியிருக்கிறேன். தாட்சாயிணி, அதை மட்டும் நீ படிக்க வேண்டாம். காகிதத்தை அவள் கையில் கொடுத்துவிடு, விரலை வைத்து அவளே படிக்கட்டும்.

இப்படிக்கு,
உன் அப்பா
கி. இருசப்பன்

கலைத்தது நான்.