மென்பொருள் முடித்துக் கொடுத்த வாக்கியம்

அன்புள்ள அப்பாவுக்கு,

மூட்டு வலி எப்படி இருக்கிறது? அம்மா சொட்டு மருந்தை ஒழுங்காகப் போட்டுக்கொள்கிறாளா? நான் நலம், சளிதான் விடவில்லை.

இங்கே ஒரு வேடிக்கை. ஜப்பானிய மொழியில் தட்டச்சு செய்யும் மென்பொருளை ஆபீஸில் நிரந்தர ஊழியர்களுக்கு மட்டும் வாங்கினார்கள். நான் இலவசமாகக் கிடைத்த ஒன்றை நிறுவிக்கொண்டேன். சமர்த்துதான். அடிக்கடி எழுதும் வாக்கியங்களை ஞாபகம் வைத்து, இரண்டெழுத்து அடித்ததுமே முழுசாக நீட்டும்.

அம்மாவின் கண் ஆபரேஷனுக்குப் போன வாரம் கேட்ட லீவை நினைவூட்ட நேற்று எழுத உட்கார்ந்தேன். ஜப்பான் கம்பெனி என்பதால் லீவு லெட்டர்கூட ஜப்பானிய மொழியில்தான். 'விடுப்பு' என்று தொடங்கியதுமே, 'விடுப்புக் கோரிக்கையைத் திரும்பப் பெறுகிறேன்' என்று நீட்டியது. இதுவரை கேட்ட லீவையெல்லாம் நான் அப்படித்தானே முடித்திருக்கிறேன்?

பின்னால் நின்ற மேனேஜர் படித்துவிட்டார். "உங்களுக்கு முன்னாடி அதுக்குப் புரிஞ்சிடுச்சே மேடம். காண்ட்ராக்ட் புதுப்பிக்கிற மாசம் வேற."

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்துக்கொண்டே அந்த வாக்கியத்தை ஏற்று அனுப்பிவிட்டேன்.

ஆஸ்பத்திரிக்கு அண்ணியைத் துணைக்குக் கூப்பிடுங்கள். கட்டுப் பிரித்ததும் வீடியோவில் கூப்பிட்டு, அம்மா முகத்துக்கு நேரே போனைப் பிடியுங்கள். நான் பேச மாட்டேன். எதிரில் இருப்பது யார் என்று மட்டும் அவளைக் கேளுங்கள்.

டீ நேரம் முடிந்துவிட்டது.

உங்கள் மகள்