கமலா ஜி நலம்

ஜனவரி 5, 1996, வெள்ளி

பனிமூட்டம். எதிர்வீட்டுத் தண்ணீர்த் தொட்டிகூடத் தெரியவில்லை. கீசர் மறுபடி ரிப்பேர். தொண்டை வலி, ஜுரம். லேபுக்கு மட்டம்.

வாங்க: சுக்கு, டார்ச் செல், ஊருக்கு எழுத இன்லண்ட்.

காலையில் கீழ் வீட்டு மாமா படியேறி வந்தார். முட்டி வலிக்காரர், ஏறவே மாட்டார். முகம் வெளுத்திருந்தது. என் மொட்டைமாடி அறையில் போன் கிடையாது. லேபிலிருந்து எது சொல்வதானாலும் அவர் நம்பருக்குத்தான். லேபில் என்னோடு வேலை செய்யும் சுனிதா பேசியிருக்கிறாள்.

"யாரோ ஒரு பொண்ணு. 'மேடம்கிட்ட சொல்லிடுங்கோ, கமலா ஜி டீக் ஹே, கானா கிலா தியா'ன்னா. எந்தக் கமலாம்மா?"

கமலா சௌக்கியம், சாப்பாடு கொடுத்தாச்சு. கமலா மாமி இவர் மனைவி. போன தையில் தவறிவிட்டார்.

ஐயோ! சுனிதா வாயைத் தைக்க வேண்டும்.

மாமியின் ஆபரேஷனில் எடுத்த கேன்சர் கட்டியில் ஒரு துணுக்கு எங்கள் லேபுக்கு வந்தது. மாமா கையெழுத்துப் போட்டுத்தான். இருந்த பதற்றத்தில் அவருக்கு எங்கே நினைவிருக்கும். அந்தச் செல்களைக் குடுவையில் வளர்த்து மருந்து போட்டுப் பார்க்கிறோம். 'கமலா ஜி' சுனிதா வைத்த பெயர். சாப்பாடு என்பது செல்கள் குடிக்கும் ரோஸ் நிறத் திரவம். எல்லாம் சொன்னேன், சுற்றி வளைத்து. கடைசியில் வாய் தவறிவிட்டது.

"அது மட்டும் உயிரோட இருக்கு மாமா."

"உயிரோட இருக்கா" என்றார்.

கேள்வியா, என்னவென்றே புரியவில்லை. நான் சொன்ன 'இருக்கு' அவர் வாயில் 'இருக்கா' ஆகிவிட்டது. திருத்தியிருக்கலாம். அதற்குள் இறங்கிப் போய்விட்டார்.

ஜன. 8, திங்கள்

ஜுரம் இல்லை. பஸ்ஸில் நசுங்கி லேப்.

கெமிஸ்ட்ரிக்காரர்கள் செய்துகொடுத்த புது மருந்து கமலா ஜியிடம் நன்றாக வேலை செய்கிறது. லேப் ஹெட் சாருக்குத் தலைகால் புரியவில்லை. ஜர்னலுக்குப் பேப்பர் எழுது, ஜல்தி, ஜல்தி.

எனக்கு ஒன்று உறுத்துகிறது. ஆரம்பத்தில் இந்தச் செல்கள் நத்தை. கெஞ்சிக் கெஞ்சி வளர்த்தோம். இப்போது மருந்து போடாத குடுவைகளில் பேய் வேகம். உருவமும் வேறாகத் தெரிகிறது. சாரிடம் சொன்னேன். "பழகிப்போச்சு, அவ்வளவுதான்." திட்டினாலும் பரவாயில்லை என்று, இது யாருடைய செல் என்று பார்த்துச் சொல்ல வேறொரு லேபுக்குக் கொஞ்சம் அனுப்பிவிட்டேன்.

சாயங்காலம் மாமா வீட்டுக்கு ரசம் கொடுக்கப் போனேன். மாமி படத்தில் மாலை இல்லை. குங்குமம் மட்டும் புதிதாக. முதல் வருஷ ஆப்தீகத்துக்குச் சொல்லி வைத்திருந்த புரோகித வாத்தியாரையும் வரவேண்டாம் என்றுவிட்டாராம்.

"உயிரோட இருக்கறவளுக்கு எப்படிம்மா திவசம் பண்றது? தோஷம்."

"மாமா, அது வெறும் செல்."

"அவளோடதுதானே?"

அவளோடதுதான் என்றேன். வேறென்ன சொல்ல?

ஜன. 12, வெள்ளி

மாமா லேபுக்கு வந்தார். பிடிவாதம், ஆட்டோ பிடித்து, மங்கி குல்லாவோடு. மல்லிகைப் பூ வேறு. கரோல் பாகில் கிடைக்காமல் எங்கோ அலைந்து வாங்கினாராம். உள்ளே கொண்டுவரக் கூடாது என்று வாசலிலேயே வாங்கி வைத்தேன்.

மைக்ராஸ்கோப்பில் காட்டினேன். வெகுநேரம் பார்த்தார். பிறகு செல்களை வைக்கும் சூட்டுப் பெட்டிக் கதவில் உள்ளங்கையை வைத்தார்.

"உடம்புச் சூடு."

"ஆமா மாமா, அந்தச் சூட்டுலதான் வளரும்."

"கமலு, குளிரலையே? ராத்திரி கதவைத் தாப்பாப் போட்டுண்டுதான் படுக்கறேன். மாத்திரை சாப்பிடறேன்." தணிந்த குரலில் பேசிக்கொண்டே போனார். சிரிக்கத் தயாராக இருந்த சுனிதா வெளியே போய்விட்டாள்.

நான் லென்ஸில் கண்ணை வைத்திருந்தேன், அவர் முகத்தைப் பார்க்க முடியாமல். அப்போது ஒரு செல் உருண்டு திரண்டு, நடுவில் இறுகி, மெதுவாக இரண்டானது. தினம் நடக்கிறதுதான். ஆனாலும் உடம்பெல்லாம் சிலிர்த்துவிட்டது.

ஜன. 15, திங்கள்

பொங்கல். குக்கரில் வைத்தேன், அடிப்பிடித்தது. மாமா வீட்டில் இரண்டு இலை போட்டிருந்தார். ஒன்று எனக்கென்று உட்காரப் போனேன்.

"நீ அந்தப் பக்கம் உக்காரும்மா" என்றார்.

எனக்கு மூன்றாவதாக ஒரு இலை போட்டார்.

ஜன. 18, வியாழன்

ரிசல்ட் வந்தது. மாமி இல்லை.

உலகத்தில் பாதி லேபில் இருக்கும் பழைய செல் ரகம் ஒன்று, எங்கள் ஃப்ரீசரிலும் உண்டு. வெளிதேசத்துப் பெண்மணி ஒருத்தியின் கட்டியிலிருந்து எடுத்தது. அவள் செத்துப் பல வருஷம். அசுர வளர்ச்சி. பொதுப் பாட்டில் வழியாக ஒரு துளி மாமியின் குடுவையில் விழுந்திருக்க வேண்டும். சாப்பாடு மொத்தத்தையும் தின்று இடத்தைப் பிடித்துக்கொண்டது. மாமியின் செல்கள் எப்போதோ செத்துவிட்டன. எப்போது என்று யாரும் கவனிக்கவில்லை. நாங்கள் பாட்டுக்குக் கமலா ஜி, கமலா ஜி என்று ஊட்டிக்கொண்டிருந்தோம்.

சார் கத்தினார். பேப்பர் போனால் போகிறது. மாமாவிடம் யார் சொல்வது?

ஜன. 19, வெள்ளி

வெயில். மாடியெங்கும் ரஜாய்ப் போர்வைகள் காய்கின்றன. சொல்லிவிட்டேன்.

அழுவார் என்று நினைத்தேன். அழவில்லை. உள்ளே போய்ப் பஞ்சாங்கத்தை எடுத்துவந்தார்.

"அப்போ அவ எப்போ போனா?"

"போன தையிலயே மாமா. உங்களுக்குத்தான் தெரியுமே."

"அது ஆஸ்பத்திரில. உங்க லேப்ல எப்போ போனா? எனக்குத் திதி வேணும்."

எனக்குத் தெரியாது என்றேன். எங்கள் யாருக்குமே தெரியாது என்றேன். அழுதுவிட்டேன். அவர்தான் என்னைத் தேற்றினார். திதி தெரியாவிட்டால் அமாவாசையில் செய்யலாமாம். நாளைக்குத் தை அமாவாசை. பொருந்தித்தான் வந்திருக்கிறது என்றார்.

பிறகு கேட்டார்: "அன்னிக்கு நான் யார்கிட்டம்மா பேசினேன்?"

சொன்னேன்.

"பாவம், தமிழ் புரிஞ்சிருக்காது." பஞ்சாங்கத்தைப் புரட்டிக்கொண்டே, "அவளுக்குத் திவசம் யார் பண்றா?"

"அவ சாகவே மாட்டா மாமா. எல்லா ஊர் லேப்லயும் வளர்ந்துண்டே இருக்கா." அவர் பாஷையே எனக்கும் வந்துவிட்டது.

புரட்டுவதை நிறுத்திவிட்டார்.

"அவ ஆத்துல யாருக்காவது சொன்னேளா?"