ஜன்னல் திண்டில் மட்டைகள்

ஜூன் 3, செவ்வாய்

புனே டீமில் ஓர் இடம் காலி. வருகிறேனா இல்லையா என்று முப்பதாம் தேதிக்குள் சொல்ல வேண்டுமாம். வினய் என் மேலாளர். எதையும் வானிலை அறிக்கை மாதிரிதான் சொல்வார்.

அம்மாவிடம் சொன்னேன். "போகணும்னா போயேன். வேண்டாம்னு நான் சொல்லலையே" என்றாள். அதற்குப் பிறகு கல்லில் கிடந்த தோசையைத் திருப்பவே இல்லை.

என் நாள் இவ்வளவுதான்: வலியசாலை வீடு, கழக்கூட்டம் ஆபீஸ், நடுவே பஸ்ஸில் ஒரு நாவல். நாவலைப் புனேயிலும் படிக்கலாம்.

பரணில் பள்ளிக்கூட நாள் டேபிள் டென்னிஸ் மட்டை கிடைத்தது. ரப்பர் ஒரு மூலையில் உரிந்திருக்கிறது. கையில் பிடித்ததும் ஒரு கிறுக்கு யோசனை. இந்த மலையாளத்து ஊரில் டேபிள் இருக்கும் இடங்களைத் தேடி ஆறு எழுதி வைத்தேன். ஒவ்வொன்றாகப் போவது. ஏதாவது ஓரிடத்தில், நான் ஒருநாள் வராவிட்டால் "எங்கே காணோம்?" என்று ஒருவராவது கேட்பார்களானால் இங்கேயே இருந்துவிடுவது. இல்லையென்றால் புனே.

யாரிடமும் சொல்லவில்லை. சொன்னால் சிரிப்பார்கள். எனக்கே சிரிப்பு வருகிறது.

ஜூன் 5, வியாழன்

ஒன்று: சாஸ்தமங்கலத்துப் பழைய கிளப். தேக்கு நாற்காலிகள், கோப்பைகள் நிறைந்த அலமாரி, நடுவே பளபளக்கும் டேபிள். விளையாட ஆள்தான் இல்லை. மேனேஜர் என் அப்பா என்ன வேலை பார்த்தார் என்று கேட்டார். பிறகு, "லேடீஸுக்கு மூணு டு நாலு" என்றார். மூன்று மணிக்கு நான் மீட்டிங்கில் இருப்பேன் என்றேன். "பெஸ்ட் டைம் அதுதான் மேடம். கூட்டமே இருக்காது" என்றார். இருக்காதுதான்.

ஜூன் 8, ஞாயிறு

இரண்டு: வழுதக்காட்டில் பயிற்சி மையம். எனக்கு எதிராக நிறுத்தப்பட்டவள் ஒன்பது வயதுச் சிறுமி. டேபிளுக்கு மேலே தோளும் தலை ரிப்பனும்தான் தெரிந்தன. 11-2. கை குலுக்கும்போது, "ஆன்ட்டி நல்லா டிரை பண்ணீங்க" என்று ஆறுதல் வேறு.

அடித்துவிட்டேன், பட்டியலில்.

ஜூன் 11, புதன்

மூன்று: கண்ணம்மூலையில் ஒரு வாசகசாலை மாடி. இதைப் பற்றி நிறைய எழுத வேண்டும்.

இருப்பது ஒரே டேபிள். பகலெல்லாம் அதன்மேல் பத்திரிகைகள் விரிந்து கிடக்கும். சுற்றி உட்கார்ந்து படிப்பார்கள். ஆறரைக்குச் செயலாளர் சுதீஷ் சேட்டன் பத்திரிகைகளை மடித்து வைத்துவிட்டு வலையை மாட்டுவார். வாசகசாலை கிளப் ஆகிவிடும். வரிசைக்குச் சீட்டு கிடையாது, பெயர் எழுதுவது கிடையாது. சுவரோரப் பெஞ்சில் அவரவர் மட்டையை வந்த வரிசையில் வைக்க வேண்டும். "ஆள் வெளியே போய்ச் சாயா குடிக்கலாம். ராக்கெட் இங்க இருக்கணும். ராக்கெட் இல்லேங்கில் ஆள் இல்லை" என்றார், மட்டைகளைக் காட்டி.

இரண்டு கேம் ஆடினேன். இரண்டும் தோல்வி. என்னைத் தோற்கடித்தவள் அஸ்வதி. பக்கத்து ஆஸ்பத்திரியில் லேப் டெக்னீஷியன். ஏழு இருபதுக்கு அவளுக்கு நெடுமங்காடு பஸ். ஆடும்போது ஒரு கண் பந்தில், ஒரு கண் கடிகாரத்தில். அப்படியும் ஜெயிக்கிறாள்.

காத்திருந்த நேரத்தில் அலமாரியிலிருந்து ஒரு புத்தகம் எடுத்து நாற்பது பக்கம் படித்தேன். யாரும் ஒன்றும் கேட்கவில்லை. இப்படி ஓர் இடம் இருக்கிறதா, இந்த ஊரிலேயே?

ஜூன் 13, வெள்ளி

ஐயோ.

ஆறரை ஆகியும் ஒருவர் எழுந்திருக்கவில்லை. சொரிமுத்து அண்ணாச்சி. சாலைக் கடைத்தெருவில் மொத்த வியாபாரம், சொந்த ஊர் நாகர்கோவில் பக்கம். அவர் ஒருவருக்காகத்தான் அங்கே தமிழ்ப் பத்திரிகை வாங்குகிறார்களாம். பேப்பரை டேபிளின் நடுவில் விரித்து உட்கார்ந்திருந்தார். எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். "சேச்சி தமிழல்லே? ஒண்ணு சொல்லு" என்றாள் அஸ்வதி.

போய்ச் சொன்னேன்.

"தலையங்கம் பாதியில நிக்கி மக்களே. முடிச்சிட்டு எந்திரிக்கேன்."

"பெஞ்சுல உக்காந்து படிக்கலாமே அண்ணாச்சி?"

"பெஞ்சுல எங்க எடம்? பூரா மட்டையில்லா உக்காந்திருக்கு!"

நியாயம்தானே? எனக்கு அப்படித்தான் பட்டது. திரும்பினேன், பெஞ்சில் இருந்த ஏழு மட்டைகளையும் விறகு அள்ளுவதுபோல் இரண்டு கையாலும் அள்ளி, ஜன்னல் திண்டில் போட்டுவிட்டு, "உக்காருங்கோ" என்றேன். அண்ணாச்சி உட்கார்ந்தார். எனக்கு உள்ளே ஒரே பெருமை.

பின்னால் எல்லாச் சத்தமும் ஒன்றாக வந்தது.

அந்த வரிசைதானே வரிசை! வேறெங்கும் எழுதி வைக்கவில்லை. ஏழு பேரில் நான்கு பேர், தான்தான் முதல் என்றார்கள். சுதீஷ் சேட்டன் சாட்சி விசாரித்துத் தீர்ப்புச் சொல்லவே முக்கால் மணி நேரம். அஸ்வதி நிஜமாகவே இரண்டாவது. ஆடாமலே பஸ்ஸுக்கு ஓடினாள். படியில் நின்று ஒரு வாக்கியம்: "சேச்சி, எனக்கு நாள் முழுக்க இந்தப் பதினொண்ணு பாயின்ட்டுதான் இருக்கு."

கத்தியிருந்தால் தேவலை. இப்படிச் சொல்லிவிட்டுப் போனால் நான் என்ன பண்ணுவேன்? எனக்கென்ன வந்தது, அண்ணாச்சி உட்கார்ந்தால் என்ன, நின்றால் என்ன?

ஜூன் 14, சனி

போகவில்லை. இனிமேலும் போகப் போவதில்லை.

ஜூன் 18, புதன்

நான்கு: கழக்கூட்டத்தில், ஆபீஸுக்கு எதிரிலேயே. ஏசி, ஆப்பில் முன்பதிவு, யாரும் யாருக்காகவும் காத்திருக்க வேண்டாம். என்னோடு ஆடியது ஓர் இயந்திரம். வாயிலிருந்து பந்தைத் துப்புகிறது. நான் விட்டாலும் அடித்தாலும் அதற்கு ஒன்றுதான். ஐம்பது நிமிடத்தில் விளக்கு தானாக அணைந்தது.

புனே இப்படித்தான் இருக்குமோ?

இருட்டில் மட்டையைத் துழாவி எடுக்கும்போது அந்த ஏழு மட்டைகள் நினைவுக்கு வந்தன. மன்னிப்புக்கூடக் கேட்காமல் ஓடி வந்தவள் நான்.

ஜூன் 20, வெள்ளி

வாசகசாலைப் படிகளைப் பரீட்சை ரிசல்ட் பார்க்கப் போவதுபோல் ஒவ்வொன்றாக ஏறினேன்.

அண்ணாச்சி பெஞ்சில் இருந்தார், கால் மேல் கால் போட்டு. மட்டைகள் ஜன்னல் திண்டில், ஒழுங்கான வரிசையில். ஒரு வாரமாகவே இப்படித்தானாம். ஆறரைக்கு டேபிள் காலி; தாமதமே இல்லை. சுதீஷ் சேட்டன் சொன்னார்: "ஐடியா கொள்ளாம், நல்லதுதான். செய்த விதம்தான் மோசம்."

அஸ்வதியிடம் என் முறையையும் எடுத்துக்கொள்ளச் சொன்னேன். "தானமா? வேண்டாம். ஒரு வாரம் சேச்சியோட ராக்கெட் எப்பவும் கடைசி. அதான் சிட்சை" என்றாள்.

"ஒரு வாரமா? ஆளைப் பாத்தா பாவமா இருக்குல்லா" என்றார் அண்ணாச்சி, பேப்பருக்குப் பின்னாலிருந்து.

"மூலகாரணம் பேசக் கூடாது!" என்றாள் அவள்.

ஜூன் 25, புதன்

தண்டனைக் காலம் நடக்கிறது. கடைசி மட்டைக்காரி என்பதால் தினமும் நிறையப் படிக்கிறேன். இன்று அஸ்வதியிடம் 11-9. தோல்விதான். ஆனால் ஒன்பது! கடிகாரத்தை அவள் ஒருமுறைகூடப் பார்க்கவில்லை.

வினய் நினைவூட்டி மெயில் அனுப்பியிருக்கிறார்.

ஜூன் 30, திங்கள்

காலையிலிருந்து மழை. மெயிலைத் திறந்து திறந்து மூடினேன். ஸ்ரீகாரியத்தில் பஸ் அசையவே இல்லை. மடியில் பையும் பைக்குள் மட்டையும். என் மட்டை என்னோடு இருக்கிறது, அப்படியென்றால் வாசகசாலையில் நான் இல்லை. சேட்டனின் சட்டம். இறங்கி வீட்டுக்கே போய்விடலாமா என்று இரண்டு தரம் நினைத்தேன்.

ஏழு ஐந்துக்குப் படியேறினேன். பழக்கத்தில் திண்டைப் பார்த்தேன். நான்கு மட்டைகள். இரண்டாவது யாருடையதும் இல்லை. அலமாரிக்கு அடியில் கிடக்கும், ரப்பர் முழுக்கப் போன பழைய பலகை மட்டை. அதன்மேல் பத்திரிகை ஓரத்தில் கிழித்த ஒரு துண்டு, நீலப் பேனாவில் என் பெயர்: ஜானவி. தமிழில். அந்த மாடியில் என்னைத் தவிரத் தமிழ் எழுதத் தெரிந்தவர் ஒருவர்தான். அவர் தலையங்கத்திலிருந்து தலையைத் தூக்கவில்லை.

"இவ்வளவு நேரம் எவிடயாயிருந்து?" என்று அஸ்வதி சிடுசிடுத்தாள். "அண்ணாச்சி மூணு தரம் கேட்டாச்சு, நான் நாலு தரம். ராக்கெட் இல்லாம ஆள் இல்லேன்னு சேட்டன் சொன்னார். அதான் தேடி எடுத்து வச்சேன். வா வா, பத்து மினிட்டுதான் இருக்கு."

ஆடினோம். ஏழு இருபது பஸ் போனது. அடுத்தது எட்டுக்கு. 12-10. யார் ஜெயித்தார்கள் என்று எழுத மாட்டேன். நாளைக்கு அவள் பழி தீர்க்கட்டும்.

ஜூலை 1, செவ்வாய்

வினய்க்கு நேற்று ராத்திரியே இரண்டு வரி அனுப்பிவிட்டேன், வரவில்லை என்று, நன்றியோடு. பட்டியலில் ஐந்தும் ஆறும் அப்படியே இருக்கின்றன.

பையைக் காலி செய்யும்போது அம்மா கேட்டாள். "பேட் எங்கடி? தொலைச்சுட்டியா?"

"இல்லைம்மா. அங்கயே வச்சுட்டு வந்திருக்கேன்."

தோசையைச் சரியான நேரத்தில் திருப்பினாள்.