சுவிட்சின் மேல் ஒரு சந்தனப் பொட்டு

இன்று காலை, ஹெப்பாள் ஆலையின் உலைக்கூடத்தில், உலையின் வெப்பநிலையைக் கட்டுப்பாட்டு அறைக்கு அனுப்பிவந்த பழைய நெட்வொர்க் சுவிட்சைக் கழற்றினேன். அதன் பக்கவாட்டில் காய்ந்த சந்தனப் பொட்டு ஒன்று இருந்தது. வைத்தவர் நீங்கள். காற்றுத் துளையை அடைக்கக்கூடாது என்று நான் கண்டித்ததால், ஒரு விரல் தள்ளி வைத்தீர்கள். நீங்கள் மறைந்தபின் வரும் முதல் ஆயுத பூஜை இது.

நீங்கள் அதை வைத்த ஆண்டு, தசராவுக்குச் சற்று முன்பு, சுவிட்சைத் தயாரித்தவர்களிடமிருந்து எச்சரிக்கை வந்திருந்தது. வேண்டுமென்றே தவறாக அமைத்த ஒரு தகவல் பொட்டலத்தை யாரேனும் நெட்வொர்க் வழியே அனுப்பினால் போதும், சுவிட்ச் செயலற்றுப்போகும். திருத்திய மென்பொருளை ஏற்றினால் குறை தீரும். அதை ஏற்ற உலையை நிறுத்தியாக வேண்டும். உற்பத்திப் பிரிவின் தலைவராக நீங்கள் மறுத்தீர்கள்.

"ஏனுங்க, எவனோ அனுப்பப்போற பொட்டலத்துக்குப் பயந்து ஓடற உலைய நிறுத்தறதா? ஆர்டர யாரு முடிப்பா, உங்க ரூல் புக்கா?"

நெட்வொர்க் பாதுகாப்பைக் கவனித்த நான், விதிமுறையின் பிரிவுகளை வரிசையாக விளக்கினேன். நீங்கள் காபியை ஆற்றிக்கொண்டே கேட்டீர்கள்:

"சுவிட்ச் நின்னா, கன்ட்ரோல் ரூம்ல இருக்கறவனுக்கு என்ன தெரியும்?"

"கடைசியா வந்த வெப்பநிலையே திரையில நிக்கும். எல்லாம் சரியா இருக்கற மாதிரிதான் தோணும்."

"உலை சூடு ஏறிக்கிட்டே போனாலும்?"

"ஆமாம்."

"அப்ப உலைகிட்ட நிக்கறவனுக்கு யாருங்க சொல்றது?"

நான் படித்திருந்த எந்தப் பிரிவிலும் அதற்கு விடை இல்லை. நீங்கள் டம்ளரைக் கீழே வைத்தீர்கள். "ஆயுத பூஜைக்கு உலை எப்படியும் நிக்குமுங்க. அன்னைக்கு ஏத்திடுங்க."

இப்போது மறுத்தவன் நான். பூஜையில் வைத்த கருவியைத் தொடக்கூடாது என்பதும் ஒரு விதிதானே!

"நல்ல ஆளுங்க நீங்க! பூஜைக்கு முன்னாடி எல்லா மெஷினையும் கழுவறமல்ல? இத உள்ளுக்குள்ள கழுவறதுன்னு வெச்சுக்குங்க."

அப்படியே செய்தோம். மென்பொருள் ஏறி, விளக்குகள் மீண்டும் பச்சையாகும்வரை சந்தனக் கிண்ணத்துடன் என் பின்னால் பொறுமையாக நின்றீர்கள். அதன்பிறகுதான் பொட்டு.

அதன்பின் எத்தனையோ எச்சரிக்கைகள் வந்துவிட்டன. ஒவ்வொன்றையும் படிக்கும்போது, எந்தப் பிரிவில் அடங்கும் என்று பார்ப்பதற்கு முன்பே, உலையருகே நிற்பவனுக்கு யார் சொல்வது என்ற உங்கள் கேள்வி வந்து நிற்கிறது.

இன்றும் உலையை அணைத்தாயிற்று. ஆனால் சூடு முழுவதும் தணியவில்லை. அணைத்த உலையின் சுவிட்சை மாற்ற யாருக்கும் முன்னறிவிப்புத் தேவையில்லை என்பதே விதி. பழைய சுவிட்சைக் கழற்றும் முன்பே, உலையருகே தோரணம் கட்டிக்கொண்டிருந்தவரிடம் நடந்து போனேன்.

"அண்ணே, கொஞ்ச நேரத்துக்கு கன்ட்ரோல் ரூம்ல சொல்ற சூட்ட நம்பாதீங்க. உலைமேல இருக்கற இந்த மீட்டர மட்டும் பாருங்க. முடிஞ்சதும் நானே வந்து சொல்றேன்."

"உலைதான் அணைச்சாச்சே, சார்?"

"இருக்கட்டும்."

வேலை முடிந்ததும் போய்ச் சொன்னேன். பிறகு சந்தனக் கிண்ணத்தை வாங்கி, புதிய சுவிட்சின் காற்றுத் துளைக்கு ஒரு விரல் தள்ளிப் பொட்டு வைத்தேன்.