அவள் சொன்னதில் பாதி

அன்பு மகளுக்கு அம்மா எழுதுவது,

இங்கே யாருக்கும் உடம்புக்கு ஒன்றுமில்லை, உனக்கும் எதுவும் வரக்கூடாது என்று இத்தனை கோபத்துக்கு நடுவிலும் வேண்டிக்கொண்டுதான் பேனாவை எடுத்தேன். அப்பாவுக்குக் கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது, வீட்டுக்குள்ளேயே கறுப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டு சினிமா வில்லன் மாதிரி நடமாடுகிறார், கேட்டால் டாக்டர் சொன்னார் என்கிறார், டாக்டர் சொன்ன கெடு எப்போதோ முடிந்துவிட்டது. தம்பி புது வேலையில் சேர்ந்துவிட்டான், காலையில் சாப்பிடாமல் ஓடுகிறான். நீ போன் செய்தபோது வேண்டுமென்றுதான் எடுக்கவில்லை. எடுத்தால் நான் கத்துவேன், நீ அழுவாய், நீ அழுததும் சரி விடு கண்ணு என்று சொல்லிவிட்டு வைத்துவிடுவேன். இந்தத் தடவை சரி விடு என்று சொல்ல எனக்கு மனமில்லை.

போன வருஷம் லீவில் வந்தபோது நான் சமூகப் பணியாளராக இருக்கிற ஆஸ்பத்திரிக்கு வந்து டயாலிசிஸ் வார்டில் உட்கார்ந்தாயே, கணவருக்கு மெஷின் ஓடும்போது வெளியே காத்திருக்கிற பெண்களுக்காக நான் நடத்துகிற கூட்டத்தில் உன் பி.எச்.டி.க்காகப் பேட்டி எடுத்தாயே, அதில் தையல்காரம்மாவை மறந்திருக்க மாட்டாய். மறந்திருந்தால்தானே நன்றாக இருந்திருக்கும். அவள் கணவர், கடிகாரம் ரிப்பேர் செய்தவர், உன்னைப் பற்றி வார்டு முழுக்கப் பெருமை பேசிக்கொண்டிருந்த மனுஷன். நம்ம மேடம் பொண்ணு வெளிநாட்டுல டாக்டர் பட்டம் படிக்குது, நம்மகிட்ட எவ்வளவு மரியாதையா பேசுச்சு தெரியுமா என்று பக்கத்துப் படுக்கைக்காரரிடம் காட்டுவதற்காக, மெஷினில் படுத்துக்கொண்டே போனில் உன் பேரைப் போட்டுத் தேடியிருக்கிறார். நீ கருத்தரங்கில் வாசித்த கட்டுரை வந்திருக்கிறது. அது எந்த மொழியில் இருந்தால் என்ன, போனே தமிழாக்கிக் கொடுத்துவிட்டது. அரைகுறைத் தமிழ்தான், ஆனாலும் கை நடுக்கத்தால் கடையை மூடிய கடிகாரக்காரர் யார், படுக்கையறைக் கதவோரம் தையல் மெஷினைப் போட்டுப் பள்ளிக்கூடச் சட்டை தைக்கிற மனைவி யார் என்று அவருக்குத் தெரியாதா. பேரை மட்டும் மாற்றிவிட்டு மற்றதையெல்லாம் அப்படியே வைத்திருக்கிறாய். அதற்குக் கீழே அவள் சொன்னதாக அந்த வரி. விடியக்காலையில அவர் மூச்சு நின்னுடாதான்னு காத்துக்கிட்டு இருந்திருக்கேன்.

அன்றைக்கு வீட்டுக்குப் போனவர் அடுத்த முறை வரவில்லை. அதற்கடுத்த முறையும் வரவில்லை. நான் போய்ப் பார்த்தேன். கால் இரண்டும் வீங்கி, சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்திருந்தார். நான் எவ்வளவோ சொன்னேன், ஒரே பதில்தான், மேடம், என் மூச்சு நிக்கணும்னு வீட்டுக்குள்ளயே ஆள் காத்திருக்கும்போது நான் எதுக்கு அந்த மெஷின்ல போய்ப் படுக்கணும் என்றார். அவள் தைத்துக்கொண்டிருந்த சட்டையின் காலரைக் கையில் பிடித்தபடி வாசற்படியில் நின்றாள். என்னைத் திட்டவில்லை. உங்க பொண்ணுன்னுதான் மனசுல இருந்ததைச் சொன்னேன் என்றாள், அவ்வளவுதான். பிறகு அவர் முதுகைப் பார்த்து, அதுக்கப்புறம் சொன்னதை அந்தப் பொண்ணு ஏன் எழுதல, மூச்சு வந்ததும் எனக்கு உசுரே திரும்பி வரும், எழுந்து அவர் முகத்தைத் துடைச்சு விட்டுட்டுத்தான் தையல் மெஷின்ல உட்காருவேன்னு அதையும் சேர்த்துத்தானே சொன்னேன் என்றாள். அவர் திரும்பவே இல்லை. மறுநாள் மூச்சு முட்டியதும் அக்கம்பக்கத்து ஆட்கள் நாற்காலியில் உட்காரவைத்து மாடியிலிருந்து தூக்கிக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடிவந்தார்கள். பிழைத்துவிட்டார், இப்போது ஒழுங்காக வருகிறார். ஆனால் அவளைப் படுக்கைப் பக்கம் நிற்கவிடுவதில்லை, போய்த் தூங்கு, உனக்குத்தான் தூக்கம் பத்தலையே என்கிறார். விடியக்காலையில் வேண்டுமென்றே மூச்சைச் சத்தமாக இழுத்து விடுகிறாராம், அவளுக்குக் கேட்கட்டும் என்று. அது ஆறுதலுக்கா, குத்திக்காட்டவா என்று தெரியவில்லை மேடம் என்று என்னிடம் சொன்னாள். இதற்கு உன் படிப்பில் பதில் இருந்தால் எழுது.

எத்திக்ஸ் கமிட்டி அனுமதி கொடுத்தது, அவங்க கையெழுத்துப் போட்டாங்க, பேரை மாத்திட்டேன் என்று, நான் போனில் எழுதிக் கேட்டதற்கு நீ அனுப்பிய பதிலைப் படித்தேன். போக்குவரத்து போலீஸிடம் மாட்டியவன் லைசென்ஸைக் காட்டுகிற மாதிரி இருந்தது. நான் கேட்டது அனுமதியையா. அந்த இரண்டாவது பாதியை ஏன் வெட்டினாய் என்று கேட்டேன், அதற்கு ஒரு வரி இல்லை. நானே சொல்கிறேன், முதல் பாதி மட்டும் இருந்தால்தான் கேட்பவர்களுக்குத் தூக்கிவாரிப் போடும். உன் கைடு அந்த வரிதான் கட்டுரைக்கே உயிர் என்று சொன்னதாகவும், கூடப் படிக்கிறவர்கள் கண் கலங்கிக் கைதட்டியதாகவும் நீதானே அப்போது சந்தோஷமாகச் சொன்னாய். சமூகப் பணியில் ஆராய்ச்சி செய்கிற இத்தனை பேர் ஒரே அறையில் உட்கார்ந்திருக்கிறீர்கள், மனித மாண்பு, நம்பிக்கை என்று பேசாத நாளில்லை, அந்தப் பெண் இதைப் படித்தால் அவள் வீட்டில் என்ன நடக்கும் என்று ஒருத்தர் வாயிலிருந்தும் வரவில்லையே. நான் படித்தவள்தான், ஆராய்ச்சி வேண்டாம் என்று சொல்கிறவள் இல்லை. உன் கட்டுரையைக் காட்டி வார்டுக்கு இன்னொரு ஆளையாவது போடச்சொல்லிக் கேட்கலாம் என்று கனவு கண்டவள். இப்போது கூட்டத்துக்குப் பெண்கள் வருகிறார்கள், மழை, வெயில், பஸ் வரவில்லை என்று பேசிவிட்டுப் போகிறார்கள். போன வாரம் ஒருத்தி என் போனைக் காட்டி, அது அணைஞ்சிருக்கா மேடம் என்று கேட்டாள். போனை அணைத்து அவள் கையிலேயே கொடுத்தேன்.

அவளுக்குப் போன் செய்யாதே. உன் குரலைக் கேட்க வேண்டாம் என்கிறாள், மன்னிப்புக் கேட்கிறேன் என்று போய் அவளையே உனக்கு ஆறுதல் சொல்ல வைக்காதே. அந்தக் கட்டுரையை எடுக்கச் சொல்லி எழுது. கைடு முகம் சுளித்தால் சுளிக்கட்டும், ஒரு வருஷம் தள்ளிப்போனால் போகட்டும். உங்கள் வாராந்திரக் கூட்டத்தில் எழுந்து நின்று, நீ எதை வெட்டினாய், அதனால் ஒரு மனுஷன் எப்படி மெஷினுக்குப் போகாமல் கிடந்தார் என்று அவர்களிடம் சொல், அடுத்து பேட்டி எடுக்கப் போகிறவர்களுக்காவது உறைக்கும். அதற்காக இதையே இன்னொரு அத்தியாயமாக்கி, ஆராய்ச்சியாளரின் குற்ற உணர்வு என்று தலைப்புப் போட்டு என்னையும் உள்ளே இழுத்துவிட்டாயோ, நான் பொல்லாதவளாகிவிடுவேன்.

பல் வலியைத் தள்ளிப்போடாதே, மாத்திரையிலேயே காலம் ஓட்டுகிறாய் என்று தெரியும். அப்பா ஆசீர்வாதம் சொல்லச் சொன்னார், இந்த விஷயம் முழுக்க அவருக்குச் சொல்லவில்லை, சொன்னால் உன் பக்கம்தான் பேசுவார். நீ நல்லா இருக்கணும், நல்லா படிக்கணும், உன் பேருக்கு முன்னால் அந்தப் பட்டத்தை நான் கண்ணால் பார்க்கணும். அந்த ஒரு வரி இல்லாமல் அதை வாங்கு.

கோபம் இன்னும் ஆறாத,
உன் அம்மா