என் முழங்கையும் உன் தோளும்

கடல்நிற மேனியான் காலளந்த வேளை
உடல்நலம் காத்தான் துணை.

கோட்டைக்குப்பம்,
வெள்ளிக்கிழமை.

அன்பிற்கினிய மகள் மோகனப்பிரியாவுக்கு, உன் நைனா நெஞ்சார வாழ்த்தி எழுதுவது. பெருமாள் திருவருளால் இங்கே நானும் உன் அம்மா இந்திராணியும், என் வலது முழங்கை நீங்கலாக, நலமாக இருக்கிறோம். புனேயில் நீயும், உன் வலது தோள் நீங்கலாக, நலம் என்று நம்புகிறேன். தோள் செய்தி எனக்கு எப்படி எட்டியது என்று வியக்காதே. நைனாவிடம் சொல்லாதே என்று முந்தாநாள் உன் அம்மாவிடம் சொன்னாய் அல்லவா, அவள் போனை வைத்த கையோடு என்னைக் கூவி அழைத்து, உங்ககிட்ட சொல்லக் கூடாதாம், கேளுங்கன்னு தொடங்கிவிட்டாள். உங்கள் டென்னிஸ் பயிற்சிக்கூடத்துப் பிசியோ அம்மையார், தோளின் தசைநார் வீங்கியிருக்கிறது, வரும் போட்டியை விட்டு ஓய்வெடுத்தால் ஆறும், ஆடினால் கிழியும் என்றாராம். நீயோ வலிக்கு ஊசி போட்டுக்கொண்டு ஆடப்போகிறாயாம். இந்தப் பேச்சுக்குப் பிறகு வருகிறேன்.

முதலில் என் முழங்கையின் சரித்திரத்தை முழுமையாகக் கேள், போனில் பாதிதான் சொன்னேன். பொன்னேரி டாக்டர் அதன் வெளிப்புறத்தை ஒற்றை விரலால் அழுத்தினார். நான் நாராயணா என்று அழைத்தது வைகுண்டத்துக்குக் கேட்டதோ இல்லையோ, பொன்னேரி பேருந்து நிலையத்துக்குக் கேட்டிருக்கும். இது டென்னிஸ் எல்போ என்றார் அவர். டென்னிஸ் மட்டையை நான் தொட்டதே நீ விடுமுறைக்குக் கொண்டுவந்தபோது அதைக்கொண்டு கொசு அடித்த ஒரே ஒருமுறைதான். உன் அம்மாவோ, தெனம் அவகிட்ட அவ்ளோ நேரம் பேசினா ஒட்டாம இன்னா பண்ணும்னு சொல்லி, வீடு திரும்பியதும் கைப்பேசியை டெட்டால் போட்டுத் துடைத்தாள். மட்டை பிடிப்பவர்களைவிட வலை இழுப்பவர்களிடமும் துணி பிழிபவர்களிடமுமே இந்த வலியைத் தாம் அதிகம் பார்ப்பதாக டாக்டர் எவ்வளவோ சொல்லியும் அவள் மனம் ஆறவில்லை.

நீ சொன்ன வைத்தியங்களைச் சிரத்தையோடு கடைப்பிடித்தேன். தண்ணியில எறங்கறதுக்கு முன்னாடி உடம்ப சூடு பண்ணு நைனா என்றாய். உலகளந்த பெருமான் எந்த முன்னேற்பாடும் இல்லாமல்தானே திருவடியைத் தூக்கினார், அவருக்குத் தொடை பிடித்துக்கொள்ளவில்லையே என்று நான் வாதிட்டபோது, அவரு சாமி, உனக்கு அறுபது தாண்டிடுச்சு என்று என் வாயை அடைத்தாய். ஆகவே ஏரிக்கரையில் நின்று இரு கைகளையும் காற்றாடிபோல் சுழற்றி, முழங்காலை மார்பளவு தூக்கி இறக்கினேன். நம் பக்கத்து வீட்டுச் சின்னப்பன் பார்த்துவிட்டு, இன்னாண்ணா, டான்ஸ் காட்டி இறால கூப்புடுறியா, அப்போ வலை எதுக்குன்னு படகில் இருந்தவர்கள் அனைவரும் கேட்கும்படி விசாரித்தான். ஐஸ் வைக்கச் சொன்னாய். மீன்கார நாகம்மாளின் ஐஸ் பெட்டியில் கொடுவா மீன்களுக்கு நடுவே கையை நுழைத்துக்கொண்டு திருநாமம் ஜபித்தபடி உட்கார்ந்திருந்தேன். சென்னையிலிருந்து மீன் வாங்க வந்த ஒருவர் குனிந்து பார்த்து, இது என்ன மீன் என்று என் கையைக் காட்டிக் கேட்டார். நாகம்மாள் முகம் மாறாமல், அது விக்கறதில்ல சார், முள்ளு ஜாஸ்தி என்றாள். கூரியரில் நீ அனுப்பிய பச்சை ரப்பர் பட்டையைத்தான் என்னால் பயன்படுத்த முடியவில்லை. உன் அம்மா அதைத் துண்டுதுண்டாக வெட்டி நண்டுகளின் கொடுக்குகளைக் கட்டிவிட்டாள். எனக்கு விதித்த பயிற்சியை நண்டுகள் பகலிரவாக இழுத்து இழுத்துச் செய்தன. அவற்றுக்கு இந்த நோய் எக்காலத்தும் வராது.

எஞ்சியது ஓய்வு ஒன்றே. அங்கேதான் இடித்தது. ஏரி கடலைச் சேரும் முகத்துவாரத்தருகே நல்ல இடத்தில் வலை கட்டும் முறையாகிய பாடு வீடு வீடாகச் சுற்றி வருவது நீ அறிந்ததே. மழைக்குப் பின் இறால் திரளும் இந்த வேளையில் நேற்று நம் வீட்டின் பாடு. வலைய தொட்டீனா உன்னோட பேசமாட்டேன்னு நீ மிரட்டியிருந்தும், பாடு முடிந்தபின் ஓய்வெடுப்பதாகப் பெருமாளிடம் பேசி வைத்திருந்தேன். அவரும் மறுப்பு ஒன்றும் தெரிவிக்கவில்லை. அந்த நேரத்தில்தான் உன் தோள் செய்தி வந்தது. டாக்டர் சொல் கேளாத இந்தப் பிடிவாதம் நம் பெண்ணுக்கு எங்கிருந்து வந்தது என்று வீடு அதிரக் கத்தினேன். உன் அம்மா என் தோளில் கிடந்த வலையைப் பார்த்தாள். பிறகு முழங்கையைப் பார்த்தாள். பிறகு அடுப்பைப் பார்க்கப் போய்விட்டாள்.

அன்று மாலையே பஜனைக் கோயிலில் ஊரார் முன் எழுந்து, என் முறையைச் சின்னப்பனுக்குக் கொடுத்து, தை மாதத்தில் வரும் அவன் முறையை மாற்றாகக் கேட்டேன். இன்னாண்ணா, ஜுரமா என்று அவன் என் நெற்றியைத் தொட்டுப் பார்த்தான். நேற்று விடியலில் கரைக்குப் போனால், யாரும் பார்க்கவில்லை என்ற நினைப்பில் அதே சின்னப்பன் கைகளைச் சுழற்றி முழங்காலைத் தூக்கிக்கொண்டிருந்தான். டான்ஸ் நல்லாத்தான் கீதுடா என்றேன். அவன் கூடை கூடையாக இறால் கொண்டுவந்து இறக்கியபோது, மறைக்க மாட்டேன் மகளே, முழங்கையைவிட ஆழமாக வேறோர் இடம் வலித்தது. ஆயினும் பாடு சுற்றி வந்து தையில் என் வாசலில் நிற்கும். அப்போது வலை இழுக்க எனக்கு ஒரு கை வேண்டும். உன் போட்டியும் மறுபடி வரும். வரும்போது பந்தடிக்க உனக்குத் தோள் இருக்க வேண்டும். நான் என் முறையை விட்டுவிட்டேன். இனி உன் போட்டியை நீ விடு.

பிசியோ அம்மையாரிடம் ஆடவில்லை என்று சொல்லிவிட்டு உடனே எனக்குப் போன் செய். மறவாமல் இன்னும் இரண்டு ரப்பர் பட்டைகள் அனுப்பு, ஒன்று எனக்கு, ஒன்று நண்டுகளுக்கு. ஓய்வு விதிப்படி இதை இடக்கையால் எழுதினேன், எழுத்துகள் நண்டுபோல் பக்கவாட்டில் நடந்திருந்தால் பொறுத்துக்கொள். சங்கும் சக்கரமும் தாங்கிச் சலிக்காத தோள்களையுடைய பெருமான் உன் தோளையும், உன்னோடு ஒரே அறையில் தங்கியிருக்கும் பெண்களையும், அந்த அறையில் நீங்கள் விளக்கேற்றும் சிறு மாடத்தையும் என்றென்றும் காத்தருள்க.

இப்படிக்கு,
இடக்கையால் ஆசி கூறும் உன் நைனா,
தாமோதரன்